13 காலனிகள் லண்டனோடு முட்டிக்கொண்டது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பிரிட்டனுக்கு இருந்த 13 காலனிகள் எப்படி உருவாயின, எப்படித் தங்களைத் தாங்களே ஆண்டு பழகின, கடைசியில் ஏன் பேரரசை எதிர்த்து நின்றன என்று மாணவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பாடப்புத்தகங்களில் பாஸ்டன் தேநீர் விருந்து ஒரே பத்தியில் முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய 150 வருஷக் கதை தெரியாமல் அந்தப் பத்தியைப் புரிந்துகொள்ள முடியாது. அதனால் சில பதில்கள் நீளமாகவே இருக்கும்.

இங்கிலாந்து அரசுதான் ஆட்களை அனுப்பிக் குடியேற்றியதா?

பெரும்பாலும் இல்லை. அரசர் கொடுத்தது சாசனம். பணம் போட்டதும் கப்பல் பிடித்ததும் உயிரைப் பணயம் வைத்ததும் மற்றவர்கள். 1607-ல் ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்களை அனுப்பியது வர்ஜீனியா கம்பெனி என்ற பங்கு நிறுவனம். தங்கம் கிடைக்கும் என்று வந்தார்கள், கிடைக்கவில்லை. 1609-10 குளிர்காலத்தில் அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் பசியிலும் நோயிலும் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்களைத் தூக்கி நிறுத்தியது புகையிலைச் சாகுபடி.

1620-ல் மேஃபிளவர் கப்பலில் பிளிமத் போன 102 பேரில் ஒரு பகுதியினர் இங்கிலாந்துத் திருச்சபையோடு ஒத்துப்போக முடியாமல் பிரிந்தவர்கள். 1630-ல் மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்குப் பெருங்கூட்டமாக வந்த பியூரிட்டன்கள் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினரும் மத நம்பிக்கையை முன்வைத்தே வந்தார்கள். பென்சில்வேனியாவின் கதை வேறு. வில்லியம் பென்னின் அப்பாவுக்கு அரசர் பணம் பாக்கி வைத்திருந்தார். அந்தக் கடனுக்கு ஈடாக 1681-ல் மகனுக்கு ஒரு பெரிய நிலப்பரப்பு எழுதித் தரப்பட்டது. நியூயார்க் 1664-ல் டச்சுக்காரர்களிடமிருந்து பிடுங்கியது. 1733-ல் குடியேறத் தொடங்கிய ஜார்ஜியாதான் கடைசி.

இப்படி ஆளுக்கொரு காரணத்தோடு, பெரும்பாலும் அரசுப் பணம் இல்லாமல் உருவான ஊர்கள் இவை. "நாங்கள் எங்கள் சொந்தச் செலவில் உண்டாக்கிய இடம் இது" என்ற எண்ணம் பின்னால் எல்லா வாதத்துக்கும் அடியில் கிடக்கும்.

அவர்கள் இறங்கியபோது நிலம் காலியாகவா கிடந்தது?

இல்லை. பிளிமத் கட்டப்பட்ட இடமே பட்டுக்செட் என்ற பூர்வகுடி ஊர். ஐரோப்பியக் கப்பல்கள் வந்துபோனதால் பரவிய கொள்ளைநோய் 1616-க்கும் 1619-க்கும் இடையில் அந்த ஊரையே துடைத்துவிட்டிருந்தது. உழுது பண்படுத்திய வயல்கள் கிடந்தன, உழுதவர்கள் இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு மக்காச்சோளம் நடக் கற்றுக்கொடுத்த ஸ்குவாண்டோ அந்த ஊர்க்காரர். ஆங்கிலேயர் அவரைப் பிடித்துப்போய் விற்றதால் கொள்ளைநோய்க்குத் தப்பியவர்.

வர்ஜீனியாவில் புகையிலை பரவப் பரவ நிலம் போய்க்கொண்டே இருந்தது. 1622-ல் பௌஹாட்டன் மக்கள் திருப்பித் தாக்கியதில் 347 குடியேறிகள் கொல்லப்பட்டார்கள். மாசசூசெட்ஸ் இருந்த நியூ இங்கிலாந்துப் பகுதியில் 1675-ல் மெட்டாகாம் தலைமையில் நடந்த போர் இரு பக்கமும் பேரழிவைக் கொண்டுவந்தது. தோற்ற பூர்வகுடிகள் பலர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். காலனிகளின் சுயாட்சியைப் பற்றிப் பேசும்போது அது யார் நிலத்தின் மேல் நின்றது என்பதை மறக்கக் கூடாது.

சுயாட்சி எப்போது தொடங்கியது?

1619 ஜூலை 30-ந் தேதி, ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில். கவர்னர், அவருடைய ஆலோசகர்கள், குடியிருப்புகள் தேர்ந்தெடுத்து அனுப்பிய 22 பேர் எல்லோரும் கூடினார்கள். வெயில் தாங்காமல் ஒரு வாரத்துக்குள் கலைந்தார்கள். வட அமெரிக்காவின் முதல் பிரதிநிதிகள் சபை அதுதான். அது நடந்த சில வாரங்களில் அதே வர்ஜீனியாவில் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்கள் ஒரு கப்பலிலிருந்து இறக்கி விற்கப்பட்டார்கள்.

மாசசூசெட்ஸ்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். கம்பெனியின் சாசனத்தை லண்டனில் விட்டுவராமல் கையோடு கப்பலில் கொண்டுவந்துவிட்டார்கள். பங்குதாரர் கூட்டம் லண்டனில் நடக்க வேண்டிய அவசியம் போனது. கம்பெனியின் பொதுச்சபையே காலனியின் சட்டசபை ஆகிவிட்டது. அப்புறம் ஊர்க்கூட்டம். சாலை, பள்ளிக்கூடம், வரி, தொலைந்துபோன பன்றி வரை ஊர்க்காரர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். பெண்களுக்கு ஓட்டு கிடையாது, அடிமைகளுக்குக் கிடையாது, சொத்தில்லாத ஆண்களுக்கும் பெரும்பாலும் கிடையாது. ஆனாலும் நிலம் எளிதாகக் கிடைத்ததால், இங்கிலாந்தில் இருந்ததைவிடப் பெரிய பங்கு ஆண்களுக்கு ஓட்டு இருந்தது.

கவர்னரை அரசர்தானே நியமித்தார்? அவரை மீறிச் சபை என்ன செய்துவிட முடியும்?

இந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பெரும்பாலான காலனிகளில் கவர்னரை நியமித்தது அரசர். சபை போட்ட சட்டத்தைக் கவர்னர் ரத்து செய்யலாம், சபையைக் கலைக்கலாம். காகிதத்தில் அவர் பெரிய ஆள். ஆனால் அவருக்குப் படியளந்தது சபை. ஒவ்வொரு வருஷமும் சபை ஓட்டுப் போட்டால்தான் அவருக்குச் சம்பளம்.

1728-ல் மாசசூசெட்ஸுக்கு வில்லியம் பர்னெட் கவர்னராக வந்தார். வருஷத்துக்கு 1,000 பவுண்டு நிலையான சம்பளம் தர வேண்டும் என்று சபையிடம் கேட்கும்படி லண்டன் அவருக்கு உத்தரவு கொடுத்திருந்தது. சபை உள்ளூர் நாணயத்தில் 1,700 பவுண்டை உடனே ஒதுக்கியது. ஆனால் அது நிலையான சம்பளம் அல்ல, இந்த ஒரு முறைக்கான கொடை. பர்னெட் வாங்க மறுத்தார். பாஸ்டன் மக்கள் உறுப்பினர்களைத் தூண்டுகிறார்கள் என்று சொல்லிச் சபையை மாசசூசெட்ஸிலேயே இருந்த சேலம் என்ற ஊருக்கு மாற்றினார், பிறகு அங்கேயே இருந்த கேம்பிரிட்ஜுக்கு மாற்றினார். உறுப்பினர்கள் அசையவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் அவர் இறந்துபோனார், பிரச்சினை தீரவில்லை. சில வருஷங்களில் லண்டனே இறங்கிவந்து, வருஷா வருஷம் சபை கொடுப்பதை வாங்கிக்கொள்ளக் கவர்னருக்கு அனுமதி கொடுத்தது.

தாராளமாகக் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் நிலையாகக் கொடுக்க மட்டும் ஏன் மறுத்தார்கள்? பணம் அவர்களுக்குப் பெரிதில்லை. "அடுத்த வருஷமும் நீங்கள் எங்களிடம் வந்து கேட்க வேண்டும்" என்ற பிடிதான் பெரிது. 1765-க்குப் பிறகு நடந்ததையெல்லாம் இந்தச் சம்பளத் தகராறை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் தெளிவாகும்.

லண்டன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததா?

முழுக்கச் சும்மா இருக்கவில்லை. 1651-லிருந்தே கடல் வணிகச் சட்டங்கள் வந்துவிட்டன. சரக்கு ஆங்கிலேயக் கப்பலில்தான் போக வேண்டும், புகையிலை, சர்க்கரை போன்றவை பிரிட்டனுக்கோ அதன் காலனிகளுக்கோ மட்டுமே போகலாம் என்றெல்லாம் விதிகள். 1686-ல் இரண்டாம் ஜேம்ஸ் வடக்குக் காலனிகளை ஒன்றாக்கி, சபைகளை ஒழித்து, எட்மண்ட் ஆண்ட்ரோஸ் என்ற கவர்னரை உட்கார வைத்தார். 1689-ல் இங்கிலாந்தில் அரசர் துரத்தப்பட்ட செய்தி வந்ததும் பாஸ்டன் மக்கள் ஆண்ட்ரோஸைப் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டார்கள்.

அதன்பிறகு நீண்ட காலம் லண்டன் கண்டுகொள்ளாமல் விட்டது. 1733-ல் வெல்லப்பாகுக்கு வரி போட்டார்கள். வணிகர்கள் சுங்க அதிகாரிகளுக்குக் கையூட்டு கொடுத்துக் கடத்தினார்கள், வியாபாரம் நடந்தது. தலையிடாமல் விட்டதால்தான் காலனிகள் செழித்தன என்று எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் 1775-ல் பாராளுமன்றத்தில் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டவர்கள் இருந்தார்கள், ஓட்டுப் போட ஆட்கள் போதவில்லை.

1763-க்குப் பிறகு என்னதான் மாறியது?

பிரான்ஸோடு நடந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் ஜெயித்தது. கனடா கையில் வந்தது. கூடவே பிரிட்டனின் தேசியக் கடன் 13 கோடி பவுண்டுக்கு ஏறியிருந்தது. அமெரிக்காவில் சுமார் 10,000 படைவீரர்களை நிறுத்திவைக்க முடிவெடுத்தார்கள், அதன் செலவில் ஒரு பங்கைக் காலனிகள் ஏற்க வேண்டும் என்றார்கள். லண்டன் பக்கம் நின்று பார்த்தால் இது அநியாயமான கோரிக்கை இல்லை.

காலனிக்காரர்கள் வேறு மாதிரிப் பார்த்தார்கள். பயமுறுத்திக்கொண்டிருந்த பிரான்ஸ் போய்விட்டது, பிறகு எதற்குப் படை? அதே வருஷம் அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது என்று அரசர் பிரகடனம் போட்டார். பூர்வகுடிகளோடு மறுபடி போர் வராமல் தடுக்கத்தான் அது. மேற்கே நிலத்தில் முதலீடு செய்திருந்தவர்களுக்கு, ஜார்ஜ் வாஷிங்டன் உட்பட, அது பிடிக்கவில்லை.

முத்திரை வரி அவ்வளவு பெரிய தொகையா?

இல்லை, இங்கிலாந்தில் பல காலமாக இருந்த வரிதான். 1765-ல் அதைக் காலனிகளுக்கும் நீட்டினார்கள். செய்தித்தாள், பத்திரம், கல்விச் சான்று, சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் முத்திரை வேண்டும். இந்த வரியைப் பாராளுமன்றம் நேராகப் போட்டது, காலனிச் சபைகளைக் கேட்கவில்லை. வழக்கு வந்தால் ஜூரி இல்லாத கடல்சார் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

"மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூடப் பாராளுமன்றத்தில் உறுப்பினர் இல்லை, அவர்கள் வரி கட்டவில்லையா?" என்று லண்டன் கேட்டது. நல்ல கேள்விதான். ஆனால் அந்த ஊர்களுக்கு 150 வருஷமாகத் தனிச் சபை இருந்ததில்லை. இருந்ததைப் பறிகொடுப்பவனுக்கு வருகிற கோபம் வேறு.

பாஸ்டனில் முத்திரைத்தாள் விற்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியை ஆகஸ்ட் 14 அன்று ஒரு மரத்தில் தொங்கவிட்டார்கள். அவர் வேலையை விட்டார். மற்ற காலனிகளிலும் இதே கதை. நவம்பரில் சட்டம் அமலுக்கு வந்தபோது முத்திரைத்தாளை விற்க ஏறக்குறைய எங்கேயும் ஆளில்லை. அடுத்த வருஷம் சட்டத்தைத் திரும்பப் பெற்ற அதே மூச்சில், காலனிகளை "எல்லா விஷயத்திலும்" கட்டுப்படுத்தும் சட்டம் போடப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று இன்னொரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். கொண்டாட்டத்தில் பலர் அதைக் கவனிக்கவில்லை.

பாஸ்டன் படுகொலை என்றால் என்ன?

1768-ல் பாஸ்டனுக்குள் படை வந்து தங்கியது. 1770 மார்ச் 5 இரவு, பனிக்கட்டி எறிந்த கூட்டத்தின் மேல் வீரர்கள் சுட்டதில் 5 பேர் இறந்தார்கள். வீரர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் ஜான் ஆடம்ஸ், பிற்காலத்தில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. 6 பேர் விடுதலையானார்கள்.

1773-ல் தேயிலை விலை குறையத்தானே செய்தது? அப்புறம் எதற்குக் கடலில் கொட்டினார்கள்?

இங்கே மறுபடி சம்பளத்துக்கு வர வேண்டும். 1767-ல் கண்ணாடி, ஈயம், பெயின்ட், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்குப் போட்ட டவுன்ஷெண்ட் வரிகளின் நோக்கங்களில் ஒன்று, கவர்னர்களுக்கும் நீதிபதிகளுக்கும் அரசே சம்பளம் கொடுப்பது. அதாவது பர்னெட் காலத்தில் தோற்ற இடத்தில் லண்டன் பின்வாசல் வழியாக நுழைந்தது. எதிர்ப்பு வந்ததும் 1770-ல் மற்ற வரிகளை நீக்கிவிட்டு, தேயிலைக்கு மட்டும் பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்று விட்டுவைத்தார்கள். 1772-ல் மாசசூசெட்ஸ் கவர்னருக்கும் உயர் நீதிபதிகளுக்கும் இனிச் சுங்கப் பணத்திலிருந்து சம்பளம் என்று தெரியவந்தது. அந்த நவம்பரிலேயே சாமுவேல் ஆடம்ஸும் நண்பர்களும் பாஸ்டனில் கடிதத் தொடர்புக் குழுவைத் தொடங்கிவிட்டார்கள். ஊருக்கு ஊர் செய்தி பறந்தது.

அந்தச் சமயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி திவாலாகும் நிலையில் இருந்தது. வங்காளத்தை உறிஞ்சியும் கடன் தீரவில்லை. கிடங்குகளில் சீனத் தேயிலை மலையாகக் கிடந்தது. அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது. கூடவே, தேயிலையை இடைத்தரகர் இல்லாமல் நேராக அமெரிக்காவில் விற்கச் சட்டமும் போட்டுக் கொடுத்தது. விலை குறையும், ஆனால் 3 பென்ஸ் வரி நிற்கும். மலிவாகக் குடிக்கும் ஒவ்வொரு கோப்பையும் வரியை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்ததற்குக் காரணமான கம்பெனி அடுத்து நம்மிடம் வருகிறது என்று பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் அந்த வருஷம் எழுதினார்.

டார்ட்மவுத் என்ற கப்பல் நவம்பர் 28-ல் பாஸ்டனுக்கு வந்தது. வந்த 20 நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்கம் சரக்கைப் பறிமுதல் செய்யும். திரும்பிப் போகவோ கவர்னர் ஹட்சின்சன் அனுமதிச் சீட்டு தரவில்லை. தேயிலையை விற்க நியமிக்கப்பட்டவர்களில் அவருடைய இரண்டு மகன்களும் இருந்தார்கள். டிசம்பர் 16 அன்று ஆயிரக்கணக்கானோர் பழைய தெற்குத் தேவாலயத்தில் காத்திருக்க, கப்பல் உரிமையாளர்களில் ஒருவர் மில்டனில் இருந்த கவர்னர் வீட்டுக்குப் போய்க் கடைசியாக ஒருமுறை கேட்டார். மறுப்போடு அவர் திரும்பும்போது இருட்டிவிட்டது. அன்றிரவு மோஹாக் பூர்வகுடிகள் போல வேஷம் போட்ட ஒரு கூட்டம் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டியது. பாஸ்டன் தேநீர் விருந்து என்பது இதுதான். கடல் வற்றியிருந்த நேரம். தேயிலை தண்ணீருக்கு மேல் குவிந்து நிற்க, அதைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. வேறு எந்தச் சரக்கையும் தொடவில்லை, உடைத்த ஒரு பூட்டுக்குப் பதில் பூட்டு வாங்கிக் கொடுத்தார்கள்.

அதோடு போர் வந்துவிட்டதா?

இல்லை. 1774-ல் லண்டன் கொடுத்த பதிலடிதான் திருப்பம். பாஸ்டன் துறைமுகத்தை மூடியது எல்லோருக்கும் தெரியும். அதைவிட ஆழமாகக் குத்தியது மாசசூசெட்ஸ் ஆட்சிச் சட்டம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆலோசனைக் குழு இனி அரசரின் நியமனம். ஊர்க்கூட்டம் கவர்னர் அனுமதி இல்லாமல் வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது.

இதற்கு முதலில் எழுந்தது பாஸ்டன் அல்ல, கிராமங்கள். செப்டம்பர் 6-ல் வூஸ்டர் என்ற சிற்றூரில் நீதிமன்றம் கூடாதபடி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் தங்கள் ஊர்ப்படைகளோடு தெருவின் இரு பக்கமும் அணிவகுத்து நின்றார்கள். நீதிபதிகளும் அதிகாரிகளும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்து, புதிய சட்டத்தின் கீழ் பதவி வகிக்க மாட்டோம் என்று திரும்பத் திரும்ப உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. பாஸ்டனுக்கு வெளியே அரசரின் ஆட்சி அந்தக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் இப்படியே முடிந்துபோனது. லெக்சிங்டனில் 1775 ஏப்ரல் 19-ல் சுட்டுப் போர் தொடங்கியது அதற்குப் பல மாதம் கழித்து. என்னைக் கேட்டால் புரட்சியின் உண்மையான தொடக்கம் வூஸ்டர் தெருதான்.

எல்லோரும் பிரிந்துபோக விரும்பினார்களா?

இல்லை. 1775 ஜூலையில்கூடக் காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் அரசருக்குச் சமாதான மனு அனுப்பியது. அவர் அதை ஏற்கவில்லை, கலகம் என்று அறிவித்தார். அரசர் பக்கம் நின்றவர்களில் சுமார் 60,000 பேர் போரின் முடிவில் கனடாவுக்கும் பிற இடங்களுக்கும் குடிபெயர்ந்தார்கள்.

அடிமைகளை வைத்துக்கொண்டு சுதந்திரம் பேசியது முரண் இல்லையா?

முரண்தான், அன்றே அது தெரிந்திருந்தது. 25 லட்சம் மக்களில் சுமார் 5 லட்சம் பேர் அடிமைகள். 1773-ல் மாசசூசெட்ஸில் அடிமைப்பட்டிருந்தவர்களே சபைக்கு மனு கொடுத்தார்கள். அடிமையாக்கப்படுவதை எதிர்த்து இவ்வளவு உறுதியாக நிற்கும் உங்களிடம் எங்களுக்கும் எதிர்பார்ப்பு இருக்கிறது என்று கேட்டார்கள். சபை ஒன்றும் உருப்படியாகச் செய்யவில்லை. 1775 நவம்பரில் வர்ஜீனியா கவர்னர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் அரசர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். கருணையால் அல்ல, போர்த் தந்திரமாக. அப்படியும் நூற்றுக்கணக்கானோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிச் சேர்ந்தார்கள். அதுவே வர்ஜீனியாவின் நில முதலாளிகளை அரசரிடமிருந்து முற்றிலும் விலக்கியது.

நம் பக்கத்துக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல் 1687-லிருந்து 1692 வரை சென்னைக் கோட்டையின் தலைவர். அவர் 1718-ல் அனுப்பிய துணிகளும் புத்தகங்களும் கனெக்டிகட்டில் ஒரு கல்லூரிக்கு அவர் பெயரை வாங்கித் தந்தன. பிரான்ஸ் அமெரிக்கா பக்கம் சேர்ந்ததால் போர் இங்கேயும் நடந்தது. 1778-ல் பிரிட்டிஷார் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுப் படையை முற்றுகையிட்டிருந்தபோதுதான் ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்து சண்டை நின்றது. யார்க்டவுனில் 1781-ல் அமெரிக்கர்களிடம் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் ஐந்து வருஷத்தில் இங்கே கவர்னர் ஜெனரல் ஆனார். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல்லையும் சேலம் பகுதியையும் வாங்கிக்கொண்டவர் அவர்தான்.

இழந்தபிறகாவது பிரிட்டன் பாடம் கற்றதா?

ஓரளவு. 1778-லேயே, வருமானத்துக்காகக் காலனிகளுக்கு வரி போடுவதில்லை என்று பாராளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. பத்து வருஷம் முன்னால் செய்திருந்தால் போரே வந்திருக்காது என்று நினைக்கிறேன். அப்போது அமெரிக்கர்கள் பிரான்ஸோடு கைகோத்துவிட்டார்கள். கனடாவில் 1837-38 கலகங்களுக்குப் பிறகு, சபைக்குப் பதில் சொல்லும் அமைச்சரவை என்ற ஏற்பாடு மெல்ல வந்தது. 1848-ல் நோவா ஸ்கோஷியா அதை முதலில் பெற்றது.

இந்தியாவில் வேறு பாடத்தைப் பயன்படுத்தினார்கள். 1919 சட்டத்தின் கீழ் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்து நீதிக்கட்சி அமைச்சரவை அமைத்தது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி அமைச்சர்களிடம் வந்தன. நிதியும் போலீஸும் நிலவரியும் கவர்னர் பக்கமே நின்றன. அரசர் நியமித்த கவர்னரின் சம்பளத்தையும் உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளத்தையும் சட்டமன்றத்தின் ஓட்டுக்கே விட வேண்டியதில்லை என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்.